சத்தமில்லாத வீட்டில் ஒரு டிரம்

"ரிலாக்ஸ்! ரிலாக்ஸ்! ஏ புள்ள கிருபா, ரிலாக்ஸா அடின்னு சொல்றேனில்ல!"

வரதராஜுலு சார் போட்ட சத்தத்தில், மைதானத்து ஓரம் வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. நீங்களே சொல்லுங்கள், காக்கைகளே பயந்து ஓடினால் ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு எங்கிருந்து ரிலாக்ஸ் வரும்?

கிருபாவின் தோள்கள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறின. கழுத்து இருந்த இடமே தெரியவில்லை. குச்சிகளைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. பல்லைக் கடித்துக்கொண்டு சைடு டிரம்மை அடித்தாள். டொக், டொக், டொக். யாரோ பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

சத்தம் மட்டும் மோசம் என்றால் பரவாயில்லை. பயத்தில் கை வேகம் எடுத்துவிட்டது. பள்ளிக்கூட பேண்டில் சைடு டிரம் எந்த வேகத்தில் போகிறதோ, அந்த வேகத்தில்தான் எல்லோரும் நடக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வேகமாக நடந்தது. ஐந்தாம் வகுப்பு அதைவிட வேகமாக நடந்தது. வரிசையின் கடைசியில் வந்த ஒன்றாம் வகுப்பு ஓடியே வந்தது. ஒரு பொடியனுக்கு ஷூ கழன்றுவிட்டது. அவன் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

சார் விசிலை ஊதினார். பேண்டு நின்றது.

"கிருபா, இங்க வா அம்மணி."

சார் கெட்டவர் இல்லை. குரல்தான் அப்படி. வீட்டில் அவர் காபி கேட்டால் பக்கத்துத் தெருக்காரர்கள் அடுப்பைப் பற்றவைப்பார்கள் என்று பிள்ளைகள் சொல்லுவார்கள்.

"கையை எதுக்கு இப்படி இறுக்கறே? டென்ஷனே ஆகாம அடிக்கோணும். அடுத்த சனிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டே. புதன்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள சரியாகலைன்னா, டிரம்மைப் பிரவின்குமாருகிட்டக் குடுத்துட்டு நீ வரிசையில நடந்துக்க. என்ன?"

"சரீங்க சார்."

சரி என்று சொல்லிவிட்டாளே தவிர, அந்த டிரம்மை விட அவளுக்கு மனசே இல்லை. ஏன் என்று கேட்டால், இந்த உலகத்தில் கிருபா சத்தம் போடலாம் என்று இருந்த ஒரே இடம் அதுதான்.

வீட்டில் சத்தம் கூடாது. அவள் பிறந்ததிலிருந்தே கூடாது.

அவர்கள் வீடு சிங்காநல்லூர்ப் பக்கம், ஒரு மில்லின் பின்சுவரை ஒட்டிய லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். கிருபாவின் அப்பா மாரப்பன் அந்த மில்லில் நூல் நூற்கிற பிரிவில் வேலை செய்தார். எப்போதும் நைட் ஷிப்ட்தான். காலையில் வந்து படுத்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார்.

லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கினால், அவர் சைக்கிளை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிடுவார்கள். அதைப் பார்த்தால் கீரைக்காரம்மா கூவாமல் தாண்டிப் போவார். பம்பரம் விடுகிற பையன்கள் அடுத்த சந்துக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குள் இருப்பவர்கள் ரேடியோ வைக்க மாட்டார்கள்.

கிருபா நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான். டம்ளரைச் சத்தமில்லாமல் வைப்பாள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து உள்ளேயே அமுக்கிவிடுவாள். சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

போன ஆடி மாதம் மில்லை மூடிவிட்டார்கள். கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. வேலைக்குக் கூப்பிடுகிற சங்கும் நின்றுபோனது. அதற்குப் பிறகு நைட் ஷிப்ட்டும் இல்லை, பகல் ஷிப்ட்டும் இல்லை.

ஆனாலும் அப்பா பகலெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். சைக்கிள் வாசலில் குறுக்கேதான் நின்றது. அம்மா செவ்வந்தி, மோட்டார் கம்பெனி ஒன்றில் செம்புக்கம்பி சுற்றுகிற வேலைக்குப் போக ஆரம்பித்தார். திரும்பி வரும்போது முகம் வாடிப்போயிருக்கும். அந்த வீட்டில் யாரும் யாரோடும் இரண்டு வார்த்தைக்குமேல் பேசுவதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். கிருபா குச்சிகளோடு வந்து நின்றதும், அம்மா உதட்டில் விரலை வைத்தார்.

"அப்பா தூங்கறாரு. பொட்டாட்டம் இரு கண்ணு."

பொட்டாட்டம் என்றால் கொங்கு நாட்டில் மூச்சுக் காட்டாமல் இருப்பது. கிருபா அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள்.

"அம்மா, புதன்கிழமைக்குள்ள பழகோணும்மா. இல்லீனா டிரம்மைப் பிடுங்கிக்குவாங்க."

"பழகு, வேண்டாங்கல. சத்தம் கேக்காமப் பழகு."

சத்தம் கேட்காமல் டிரம் பழகுவது எப்படி? கிருபாவுக்கு ஒரு வழி தெரியும். பழைய போர்வையை நாலாக மடித்து வைத்துக்கொள்வாள். குச்சியை வேகமாக இறக்குவாள். போர்வையைத் தொடுகிற நேரம் பார்த்து இறுக்கிப் பிடித்து நிறுத்திவிடுவாள். ஒரு பொட்டுச் சத்தம் வராது. இரண்டு மாதமாக அவள் இப்படித்தான் பழகுகிறாள். விரலெல்லாம் கொப்புளம்.

மறுபடி மறுபடி அடித்தாள். மறுபடி மறுபடி நிறுத்தினாள். கழுத்து நரம்பு வலித்தது.

நடுவில் அப்பா இந்தப் பக்கம் புரண்டு படுத்தபோது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்பாவின் கண் மூடியிருந்தது. ஆனால் மூடிய இமைகளுக்குள் கண்மணி அங்குமிங்கும் ஓடியது. வலது கை, எதையோ விட்டுவிடாமல் பிடித்திருப்பது போல இறுக மூடியிருந்தது. தூங்குகிறவர் கை அப்படி இருக்குமா?

"அப்பா, தூங்கறீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ம். தூங்கீட்டுத்தான் இருக்கறேன் கண்ணு" என்றார் அப்பா.

தூங்குகிறவர் பதில் சொல்ல மாட்டார் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்பாவின் கண்கள் எத்தனையோ நாளாக ரத்தச் சிவப்பாக இருக்கின்றன. அவர் தட்டில் சோறு மீந்துபோகிறது. நினைக்க நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அழுகை வந்தால் அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே ரம்லா அக்காவும் அவருடைய கைக்குழந்தையும் இருந்தார்கள். குழந்தையைத் தூங்கவைப்பது கிருபாவின் வேலை. தோளில் போட்டு முதுகில் தட்டினால் போதும், தூங்கிவிடும்.

"எங்கிட்ட ஒரு மணி நேரம் கத்துது. உன்ற கை பட்டா ஒறங்கிருது. என்ன மாயமோ!" என்பார் ரம்லா அக்கா.

இப்போது கிருபா குழந்தையைத் தட்டிக்கொண்டே சத்தமில்லாமல் அழுதாள். குழந்தைக்கு அது தெரியவில்லை. அது பாட்டுக்குத் தூங்கியது.

மறுநாள் சனிக்கிழமை காலையில், கடைக்குப் போகிற வழியில் பிரவின்குமார் வந்து நின்றான். அவள் வகுப்புதான். டிரம் கைமாறினால் இவனுக்குத்தான் போகும்.

"கிருபா, நான் ஒண்ணு சொல்லட்டா? எங்க மாமன் மொபெட் ஓட்டறப்ப விசிலடிச்சுட்டே ஓட்டுவாரு. டென்ஷனே வராதாம். நீயும் விசிலடிச்சுட்டே அடி."

கிருபா அங்கேயே நின்று விசிலடித்துப் பார்த்தாள். உதடும் இறுகிப்போனது. விசில் வரவில்லை. எச்சில்தான் பறந்து பிரவின்குமாரின் சட்டையில் விழுந்தது.

அவன் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு அந்த டிரம் வேணும்தான். பொய் சொல்லமாட்டேன். ஆனா நீ அழுதுட்டே குடுத்தா வாங்கறதுக்கு நல்லாவா இருக்கும்?" என்றான்.

"நான் ஒண்ணும் அழல."

"கண்ணு செவந்திருக்குது."

"எங்க ஊட்டுல எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கிருபா நடந்தாள்.

அன்றைக்கே அப்பா காந்திபுரம் போனார். அங்கே ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலை காலி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "தனியா அனுப்பப் பயமா இருக்குது, நீயும் கூடப் போ கண்ணு" என்று கிருபாவின் காதில் சொல்லி அனுப்பினார் அம்மா.

லாட்ஜ் மேனேஜர் அப்பாவின் முகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, நின்னுட்டே தூங்கிருவீங்களாட்டம் இருக்குது. கண்ணெல்லாம் இப்படிச் செவந்திருக்குது. வாட்ச்மேன் வேலைக்கு எப்படீங்க?"

"நான் தூங்கமாட்டேனுங்க. எனக்குத் தூக்கமே வர்றதில்லீங்க" என்றார் அப்பா.

அவர் உண்மையைத்தான் சொன்னார். மேனேஜர் நம்பவில்லை. "அப்பறம் சொல்லி அனுப்பறேனுங்க" என்றார். அப்படிச் சொன்னால் இல்லை என்று பொருள். அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கிருபாவுக்கு அந்த மேனேஜர்மேல் கோபம் கோபமாக வந்தது.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியை ஒட்டிய சீட்டுதான் கிடைத்தது. அது ஓட்டைப் பஸ். இன்ஜின் உறுமியது, ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன, படியில் கிடந்த காலி எண்ணெய் டின் ஒன்று தடதடவென்று ஆடியது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

கிருபா காதைப் பொத்திக்கொண்டாள். அப்போது அவள் தோளில் ஏதோ கனமாக விழுந்தது. அப்பாவின் தலை.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பொய்த் தூக்கம் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இறுக மூடியிருந்த அந்தக் கை மடியில் விரிந்து கிடந்தது.

சிங்காநல்லூர் வந்தது. கண்டக்டர் வந்து தட்டினார்.

"ஏனம்மணி, சிங்காநல்லூர்தான கேட்டீங்க? எறங்குங்க."

கிருபா கையைக் கூப்பினாள். "அப்பா இப்பத்தானுங்க தூங்கறாரு. எழுப்பாதீங்க. கடைசி வரைக்கும் வாரோமுங்க. திரும்பி நடந்து வந்துக்கறோமுங்க."

கண்டக்டர் அப்பாவைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தாரோ என்னவோ, விசிலை வாயில் வைத்தார். "சரி, கம்முனு உக்காரு."

பஸ் ஒண்டிப்புதூர் வரைக்கும் போய் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

சட்டென்று எங்கும் அமைதி. அந்த நொடியே அப்பா திடுக்கிட்டு எழுந்தார். "என்னாச்சு? என்னாச்சு?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கை மறுபடி இறுகிக்கொண்டது.

"ஒண்ணுமில்லீங்கப்பா. பஸ்ஸு நின்னுருச்சுங்க."

திரும்பி நடக்கும்போது கிருபா யோசித்துக்கொண்டே வந்தாள். பஸ் அத்தனை சத்தம் போட்டபோது அப்பா தூங்கினார். சத்தம் நின்றதும் விழித்துவிட்டார். ஊருக்கெல்லாம் ஒரு வழி என்றால் அப்பாவுக்கு வேறு வழியா?

"அப்பா, மில்லுக்குள்ள ரொம்பச் சத்தமாங்க?"

அப்பா வெகுநாளைக்குப் பிறகு நாலு வார்த்தை சேர்த்துப் பேசினார். "சத்தமா? காதுகிட்ட வந்து கத்துனாலும் கேக்காது கண்ணு. எல்லாம் கைஜாடைதான். ராத்திரி பூரா அந்தச் சத்தம் இருக்கும். பகல்ல ஊட்டுக்கு வந்தாலும் சுவத்துக்கு அந்தப்பக்கம் ஓடிட்டேதான் இருக்கும்."

"அது உங்களுக்குத் தொந்தரவா இருக்காதுங்களா?"

"ஓடறது தொந்தரவில்ல. நின்னாத்தான் தொந்தரவு. மிஷின் நின்னா ஏதோ தப்புன்னு அர்த்தம். நூல் அறுந்திருக்கும், பெல்ட்டு போயிருக்கும். தூக்கத்துலகூட நின்னுச்சுன்னா எந்திரிச்சு உக்காந்துக்குவேன்."

கிருபா நடுரோட்டில் நின்றுவிட்டாள். அப்படியானால், ஆடி மாதத்திலிருந்து மிஷின் நின்றேதான் இருக்கிறது. அப்பாவும் எழுந்தேதான் இருக்கிறார். அவருக்காக வீடு முழுக்கப் பொட்டாட்டம் இருக்கிறோமே!

"ஏன் நின்னுட்ட? கால் வலிக்குதா?"

"இல்லீங்கப்பா, வாங்க" என்றாள் கிருபா.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டானதும், அவசர வேலை என்று அம்மா கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது, "அப்பா படுத்திருக்கறாரு, பொட்டாட்டம் இரு" என்று மறக்காமல் சொன்னார். அப்பா கண்ணை மூடி ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

கிருபா போர்வையை எடுக்கவில்லை. உட்கார்ந்து சாப்பிடுகிற மணைப்பலகையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். குச்சிகளைக் கையில் எடுத்தாள். அந்த வீட்டில் அவள் இதுவரைக்கும் ஒரு கரண்டியைக்கூடக் கீழே போட்டதில்லை. அவள் நினைத்தது தப்பாக இருந்தால்? அப்பாவுக்குத் தலைவலி வந்துவிட்டால்?

டொக், டொக், டொக்.

இறுக்கமான அடி. அப்பாவின் புருவம் சுருங்கியது. கிருபா பயந்துபோய் நிறுத்தினாள். அப்பா கண்ணைத் திறந்துவிட்டார்.

"என்ன கண்ணு அது?"

"பேண்டுக்குப் பழகறேனுங்கப்பா. நிறுத்திரட்டுங்களா?"

அப்பா திரும்பிக் கூரையைப் பார்த்தார்.

"வேண்டாம். அடி. நல்லாத்தான் இருக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கிருபாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இப்போது அவள் ஸ்போர்ட்ஸ் டேயை மறந்துவிட்டாள். சாரை மறந்துவிட்டாள். அப்பா தூங்க வேண்டும், அவ்வளவுதான். தூங்கவைப்பது எப்படி என்றுதான் அவளுக்குத் தெரியுமே! ரம்லா அக்காவின் குழந்தையை யாராவது டொக் டொக்கென்று தட்டுவார்களா? அது வீறிட்டு அலறும். தட்டுகிற கை தொளதொளவென்று இருக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. ஒரே சீராகத் தட்ட வேண்டும்.

தோளைக் கீழே இறக்கினாள். மூச்சை விட்டாள். குச்சியைப் பிடித்த விரல்களைத் தளர்த்தினாள்.

டரக்... டரக்... டரக்...

அட! குச்சியைக் கீழே விட்டால் அது தானாகவே துள்ளி மேலே வந்தது. இத்தனை நாளும் அது துள்ளத்தான் பார்த்திருக்கிறது. சத்தம் வந்துவிடுமோ என்று அவள்தான் அதைப் பிடித்து அமுக்கி வைத்திருக்கிறாள்.

அப்பாவின் சுருங்கிய புருவம் விரிந்தது. இமைகளுக்குள் ஓடிக்கொண்டிருந்த கண்மணிகள் நின்றன. மூடியிருந்த கை விரல் விரலாகத் திறந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் கொர்ரென்று ஒரு குறட்டை வந்தது.

கிருபாவுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் எழுந்திருக்க முடியாது. நிறுத்தினால் அப்பா விழித்துவிடுவாரே! வசமாக மாட்டிக்கொண்டாள்.

அதனால் அடித்துக்கொண்டே இருந்தாள். கை இறுகினால் வலித்தது. தளர்த்தினால் வலி போனது. வலிக்கும்போதெல்லாம் தளர்த்தித் தளர்த்தி, கடைசியில் கைக்கே அது பழகிவிட்டது. நடுவில் ஒரு கொசு வந்து மூக்கின்மேல் உட்கார்ந்தது. கீழுதட்டை நீட்டி ஊதி ஊதி விரட்டினாள்.

சத்தம் கேட்டு ரம்லா அக்கா குழந்தையோடு ஓடி வந்தார். "ஏன் கிருபா, அப்பா தூங்கறப்ப..."

கிருபா தாடையால் அப்பாவைக் காட்டினாள். ரம்லா அக்கா பார்த்தார். குறட்டையைக் கேட்டார். போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கிருபாவின் வாயில் பிடித்துக் குடிக்கவைத்துவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்தபோது அம்மா வந்தார். சந்து முனையிலேயே சத்தம் கேட்டிருக்க வேண்டும். முகம் சிவக்க உள்ளே வந்தவர், "கிருபா! உனக்கு எத்தனை தடவை..." என்று ஆரம்பித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா மல்லாந்து படுத்து, கால்களைப் பரப்பிக்கொண்டு, ஒரு கவலையும் இல்லாத மனிதரைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"பொட்டாட்டம் இருந்து இருந்து இந்த மனுசனைத் தூங்கவுடாமப் பண்ணிப்போட்டமே கண்ணு! எனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சே!"

"நிறுத்தட்டுங்களாம்மா? கை கொஞ்சம் அசதியா இருக்குது."

"சித்த இரு சாமி. சோத்தை ஊட்டியுடறேன். நிறுத்திராத" என்றார் அம்மா.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மில் கேட்டில் பூட்டு அப்படியேதான் தொங்கியது. லாட்ஜிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. திங்கட்கிழமை அப்பா பீளமேட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்கு நடையாய் நடந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிருபா பலகையை எடுத்துப் போட்டாள். அப்பா தூங்கினார். எழுந்து சாப்பிடும்போது இரண்டாவது தடவையும் சோறு கேட்டார்.

புதன்கிழமை வந்தது. பேண்டு அணிவகுத்து நின்றது. வரதராஜுலு சார் கிருபாவுக்கு நேர் எதிரில் வந்து நின்று மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார். "ரிலாக்ஸ்!" என்று கத்துவதற்குத்தான்.

கிருபா அடிக்க ஆரம்பித்தாள்.

டரக், டரக், டரரக். டரக், டரக், டரரக்.

சார் இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் மெதுவாக வெளியே விட்டார். எட்டாம் வகுப்பு நடந்தது. ஐந்தாம் வகுப்பு நடந்தது. கடைசியில் ஒன்றாம் வகுப்பும் கையை வீசிக்கொண்டு நடந்தது. யாருடைய ஷூவும் கழலவில்லை.

"யாரம்மணி சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார் சார். அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"ஒருத்தரும் சொல்லிக் குடுக்கலீங்க சார். எங்கப்பாவைத் தூங்க வெச்சனுங்க."

சாருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினார்.

பிரவின்குமாருக்கு ஜால்ரா தட்டு கிடைத்தது. "பரவால்ல, இதும் சத்தமாத்தான் இருக்குது" என்று அவன் அதை டங்கென்று தட்டிக்காட்டினான்.

சனிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டே. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, பெற்றோருக்காகப் போட்டிருந்த சாமியானாப் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வேலையில் இருக்கிற அப்பாக்களெல்லாம் முன்வரிசையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவோ கையை மூடியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கக் கிருபாவுக்கு வேதனையாக இருந்தது.

விசில் கேட்டது. அணிவகுப்பு கிளம்பியது.

முதல் சுற்றில் பந்தலைத் தாண்டும்போது கிருபா ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பா நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். லேசாகச் சிரித்தார். சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை என்பதால் சார் கையைச் சுழற்றி, இன்னொரு சுற்று என்று காட்டினார்.

இரண்டாவது சுற்றில் அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மூன்றாவது சுற்றில் அப்பா நாற்காலியில் கால்களை நீட்டி, வாயைத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"கிருபா! உங்கப்பா தூங்கீட்டாரு! நீ வாசிக்கறதைப் பாக்கவே இல்ல!" என்றான் பின்னால் வந்த பிரவின்குமார். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"தெரியும், தெரியும். நீ தட்டை விட்டராதே!" என்றாள் கிருபா. அவள் முகமெல்லாம் சிரிப்பு.

சிறப்பு விருந்தினரின் கார் அப்போதும் வரவில்லை. பெரிய டிரம் அடித்தவன் கையை உதறினான். புல்லாங்குழல் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது. வரதராஜுலு சார் கவலையோடு கிருபாவின் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"கார் இன்னும் வரக்காணோம். கை வலிக்குதா அம்மணி? இன்னும் ஒரே ஒரு சுத்து அடிப்பியா?"

கிருபா பந்தலின் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"ரெண்டு சுத்தே போலாமுங்க சார்" என்றாள்.